விரிசலுக்குத் தேதி எழுதி வையுங்கள்: பக்கத்து வீட்டு இடிப்பு வேலையும் நம் சுவரும்

“அது பழைய கிராக் சார், எங்க வேலையால வந்தது இல்ல.”

சென்னையில் பழைய வீட்டை இடித்து மூன்று மாடி எழுப்பும் எந்தத் தெருவிலும் தகராறு இந்த வாக்கியத்தில்தான் ஆரம்பிக்கிறது. சுவரில் விரிசல் இருப்பதை இரண்டு வீட்டாரும் ஒப்புக்கொள்வார்கள். எப்போது வந்தது என்பதில்தான் முட்டிக்கொள்வார்கள். தேதி சொல்ல முடியாத விரிசலுக்குக் கான்ட்ராக்டரும் காசு தரமாட்டார், கோர்ட்டிலும் வாங்குவது கடினம். அதனால் பக்கத்து மனையில் முதல் கடப்பாரை விழுவதற்கு முன்பு, சுவர்களைப் படமெடுத்துப் பதிவு செய்யச் செலவழிக்கும் ஒரு மணி நேரம், பின்னால் அலையப்போகும் பல மாதங்களை மிச்சப்படுத்தும்.

முதல் கடப்பாரைக்கு முன்

இந்தப் பதிவை எடுக்கவேண்டிய பொறுப்பு வேலை செய்பவருக்குத்தான், அதாவது இடித்துக் கட்டும் தரப்புக்குத்தான், அதிகம் என்பேன். அவருக்குத்தான் அது கவசம். பதிவு இல்லையென்றால் பக்கத்து வீட்டின் முப்பது வருடத்து விரிசல்கள் அத்தனையும் அவர் தலையில் வந்து விழும். வேலை தொடங்க ஒரு வாரம் இருக்கும்போதே நேரில் போய், “சார், வர்ற திங்கட்கிழமை இடிக்க ஆரம்பிக்கிறோம். அதுக்கு முன்னாடி உங்க வீட்டுச் சுவரையெல்லாம் ஒரு தடவை சேர்ந்தே பாத்து போட்டோ எடுத்து வச்சுக்கலாம், ரெண்டு பேருக்கும் நல்லது” என்று கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. வேலை செய்பவர் இப்படி வராவிட்டால், பாதிக்கப்படக்கூடிய வீட்டுக்காரரே எடுத்துவிட வேண்டும்.

எடுக்கும் முறை: ஒவ்வோர் அறையிலும் வாசல்படியில் நின்று இடமிருந்து வலமாகச் சுற்றி வாருங்கள். முதலில் சுவர் முழுவதும் தெரியும்படி ஒரு படம். பிறகு ஒவ்வொரு விரிசலுக்கும் பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேல் வைத்து நெருக்கமாக ஒரு படம். கூரை, தரை, பாத்ரூம் டைல்ஸ், காம்பவுண்டு சுவர், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் எதையும் விடக்கூடாது. விரிசல் இல்லாத சுவரைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். “இங்கே ஒன்றும் இல்லை” என்பதற்குத்தான் நாளைக்கு ஆதாரம் வேண்டும்.

கதவு, ஜன்னல்களைத் திறந்து மூடி வீடியோ எடுங்கள். கட்டடம் அசைந்தால் பெரும்பாலும் முதலில் பிடிப்பது கதவுதான். தரைக்கடியில் சம்ப் இருந்தால், வரும் தண்ணீரை அடைத்து, மோட்டாரை நிறுத்தி, நீர் மட்டத்தில் ஒரு கோடு போட்டு 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். பக்கத்தில் பள்ளம் தோண்டும்போது சம்ப் சுவரில் விழும் கீறல் கண்ணுக்குத் தெரியாது; தண்ணீர் இறங்குவதில்தான் தெரியும்.

கடைசியில் ஒரு தாளில் அறை, சுவர், விரிசலின் நீளம், அதிகபட்ச அகலம் என்று எழுதி, தேதியோடு இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த் தரப்பு கையெழுத்துப் போட மறுத்தால், படங்களை அன்றைக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பிவிட்டு போனிலிருந்து அழித்துவிடாதீர்கள். சாதாரணமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் படத்தைச் சுருக்குகிறது. படத்துக்குள் பதிந்திருக்கும் தேதி விவரமும் போய்விடுகிறது. மூலக் கோப்பு இருந்தால்தான் பின்னால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமம் 2023, பிரிவு 63 கேட்கும் சான்றிதழோடு கோர்ட்டில் தாக்கல் செய்ய வசதி.

எந்த விரிசல் யாருடையது

எல்லா விரிசலையும் பக்கத்து வீட்டுக்காரர் மேல் எழுதினால், உண்மையான ஒன்றும் நம்பிக்கை இழந்துவிடும். மேல் மாடியில் கூரைத் தளத்துக்கு நேர்கீழே படுக்கைவாட்டில் ஓடும் விரிசல் பெரும்பாலும் வெயிலின் வேலை. தளம் விரிந்து சுருங்குவதால் வருவது. பூச்சில் சிலந்தி வலைபோல் பரவும் மெல்லிய கீறல் பூச்சு காய்ந்தபோதே வந்தது. பில்லரும் செங்கல் கட்டும் சேரும் இடத்தில் நேர்குத்தாக வரும் கோடு, அங்கே கோழிவலை அடிக்காமல் பூசியதால் வந்திருக்கலாம்.

பள்ளம் தோண்டியதால் வரும் விரிசல் வேறு மாதிரி இருக்கும். ஜன்னல் மூலையிலிருந்தோ கதவு நிலையின் மூலையிலிருந்தோ சாய்வாகக் கிளம்பும். செங்கல் வரிசையில் படிக்கட்டு மாதிரி இறங்கும். ஒரு முனையில் அகன்று மறுமுனையில் ஒடுங்கியிருக்கும். பள்ளத்தை நோக்கியுள்ள அறைகளில் அதிகமாகவும் தள்ளிப் போகப் போகக் குறைவாகவும் காணப்படும். பூச்சைக் கொஞ்சம் தட்டிப் பார்த்தால் செங்கலிலோ அதன் இணைப்பிலோ அது தொடர்ந்திருக்கும். விரிசலின் உள்விளிம்பையும் பாருங்கள். புதிய விரிசலின் விளிம்பு கூர்மையாக, உள்ளே சுத்தமாக இருக்கும். பழையதில் தூசியும் பெயின்டும் பட்டியும் சிலந்தி நூலும் புகுந்திருக்கும். பெயின்ட் உள்ளே வழிந்திருக்கிறது என்றால், கடைசியாகப் பெயின்ட் அடித்த நாளைவிட அது பழையது. இந்த ஒரு சோதனை பல வாய்ச்சண்டைகளை அந்த இடத்திலேயே முடித்துவிடும்.

அகலத்தை வைத்துப் பயப்படலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய, பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்த அளவுகோலை இங்கேயும் இன்ஜினியர்கள் பயன்படுத்துகிறார்கள். 1 மி.மீ. வரை பெயின்ட் வேலையோடு போய்விடும். 5 மி.மீ. வரை நிரப்பிப் பூசிச் சரிசெய்யலாம். கதவுகள் லேசாகப் பிடிக்கும். 5 முதல் 15 மி.மீ. என்றால் கொஞ்சம் செங்கல் கட்டையே பிரித்துக் கட்டவேண்டி வரும். அதற்கு மேல் போனால் பேச்சுவார்த்தையெல்லாம் பிறகு. முதலில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்.

நகர்கிறதா, நின்றுவிட்டதா

தகராறின் பாதி இந்தக் கேள்விதான். நகர்ந்துகொண்டிருக்கும் விரிசலைப் பூசுவது வீண் செலவு. ஆனால் கான்ட்ராக்டர்கள் முதலில் செய்ய முன்வருவது அதைத்தான்: ஒரு கொத்தனாரை அனுப்பி, சிமென்டை அப்பி, பட்டி பார்த்துவிடுவார்கள். ஆதாரமும் அதோடு மூடப்பட்டுவிடும். மூடவேண்டாம் என்று தன்மையாகச் சொல்லிவிடுங்கள்.

கண்ணாடித் துண்டு ஒட்டிப் பார்ப்பது பழைய முறை. பள்ளி ஆய்வகத்தில் பயன்படுத்தும் கண்ணாடி ஸ்லைடு (75 மி.மீ. நீளம், 25 மி.மீ. அகலம்) இதற்குச் சரியாக இருக்கும். முக்கியமான வேலை ஒட்டும் இடத்தில்தான் இருக்கிறது. டிஸ்டம்பர் மேலோ பட்டி மேலோ ஒட்டினால், சுவர் நகரும்போது கண்ணாடி உடையாது. பட்டியோடு பெயர்ந்து வந்துவிடும். நீங்கள் நகரவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஒட்டும் இரண்டு இடங்களிலும் பெயின்டையும் பட்டியையும் சுரண்டி, கெட்டியான பூச்சு வரைக்கும் போய், தூசி தட்டி, இரு முனைகளிலும் மட்டும் அரால்டைட் பசை வைத்து ஒட்டுங்கள். விரிசலுக்கு மேல் வரும் நடுப்பகுதியில் பசை படக்கூடாது. தேதியையும் வரிசை எண்ணையும் சுவரிலேயே மார்க்கரால் எழுதிப் படம் எடுத்துவிடுங்கள்.

கண்ணாடி உடைந்தால் நகர்ந்தது என்று தெரியும். எவ்வளவு என்று தெரியாது. அதற்கு விரிசலின் ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என முக்கோணமாக மூன்று சிறிய ஸ்க்ரூக்களைப் பிளக் வைத்து இறக்கி, அவற்றின் இடைவெளிகளை டிஜிட்டல் காலிபரால் அளக்கலாம். முக்கோணம் எதற்கென்றால், விரிசல் அகலமாவது மட்டுமல்ல, ஒரு பக்கம் கீழே இறங்குவதும் அதில் பிடிபடும். வாரம் ஒருமுறை, எப்போதும் காலை ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். காலையில் ஒருநாள், உச்சி வெயிலில் ஒருநாள் என்று அளந்தால் வெயிலால் சுவர் விரிவதைத்தான் அளப்பீர்கள். 0.1 மி.மீ. அளவில் முன்னும் பின்னுமாக ஆடுவது சாதாரணம். வாரத்துக்கு வாரம் ஒரே திசையில் கூடிக்கொண்டே போவதுதான் கவலைக்குரியது. ஒரே வாரத்தில் அரை மில்லிமீட்டர் கூடினாலே பள்ளத்து வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு இன்ஜினியரைக் கூப்பிடவேண்டும் என்பது என் கருத்து.

பள்ளத்தில் என்ன தவறு நடக்கிறது

பழைய வீடுகளின் கடைக்கால் பல இடங்களில் மூன்று, நான்கு அடி ஆழத்தோடு நின்றுவிடும். புதிய கட்டடத்தின் பில்லர் குழி ஏழடி போகும். இன்ஜினியர்கள் இங்கே 45 டிகிரிக் கணக்கு ஒன்று போடுவார்கள்: பக்கத்துக் கடைக்காலின் அடி விளிம்பிலிருந்து 45 டிகிரியில் கீழ்நோக்கி ஒரு கோடு இழுத்தால், குழி அந்தக் கோட்டை வெட்டக்கூடாது. பக்கத்துக் கடைக்கால் 4 அடி, புதிய குழி 7 அடி என்றால் வித்தியாசம் 3 அடி. ஆகவே கடைக்கால் விளிம்பிலிருந்து 3 அடியாவது தள்ளித் தோண்டவேண்டும். விளிம்பு என்பது சுவரின் முகமல்ல. 9 அங்குலச் சுவருக்கு இரண்டரை அடி அகலக் கடைக்கால் என்றால், சுவரைத் தாண்டி வெளியே பத்து அங்குலத்துக்கு மேல் அது நீண்டிருக்கும். எல்லையை ஒட்டிக் கட்டிய வீடுகளில் அது வேலை செய்பவரின் மனைக்குள்ளேயே இருக்கலாம். “என் நிலத்துக்குள்ள உன் கடைக்கால் எப்படி வரலாம்” என்று அதை வெட்டியெடுக்கும் மேஸ்திரிகள் இருக்கிறார்கள். நில உரிமையைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், வெட்டிய கடைக்காலின் மேல் நிற்கும் சுவர் அதுவரை காத்திருக்காது.

தள்ளித் தோண்ட இடமில்லையென்றால் எல்லைப் பக்கக் குழிகளை ஒரே நாளில் தோண்டக்கூடாது. ஒன்றுவிட்டு ஒன்றாகத் தோண்டி, காங்கிரீட் போட்டு, மண் மூடி, இறுக்கிய பிறகே நடுவில் விட்டதைத் தொடவேண்டும். ஜேசிபி வாடகையை மிச்சப்படுத்த ஒரே காலையில் மொத்தத்தையும் வாரி எடுத்துவிட்டுக் கம்பிக்காகப் பத்து நாள் காத்திருப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. நடுவில் ஒரு மழை பெய்தால் போதும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோர மணல் பகுதிகளில் வேறோர் ஆபத்து. குழியில் ஊறும் தண்ணீரை மோட்டார் வைத்து இறைக்கும்போது மணலும் சேர்ந்து போகிறது. அந்த மணல் பக்கத்து வீட்டுக்கு அடியிலிருந்தும் வரலாம். இறைக்கும் தண்ணீரை ஒரு வெள்ளை பக்கெட்டில் பிடித்து அரைமணி நேரம் வையுங்கள். அடியில் மணல் தங்கினால் இறைப்பதை நிறுத்திவிட்டு வேறு ஏற்பாடு பார்க்க வேண்டும்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி மாதிரிப் பகுதிகளில் பொதுச்சுவர் வீடுகள் இன்னும் இருக்கின்றன. மெட்ராஸ் டெரஸ் எனும், மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிய பழைய பாணிக் கூரையின் உத்தரங்கள் அந்தப் பொதுச்சுவருக்குள் ஏறி உட்கார்ந்திருக்கும். ஒரு வீட்டை இடிக்கும்போது மற்ற வீட்டின் உத்தர முனைகள் சுவரின் மறுபக்கம் வரை நீண்டிருக்கின்றனவா என்று பார்க்காமல் பிரேக்கர் (உடைக்கும் இயந்திரம்) வைக்கக்கூடாது. பொதுச்சுவரிலிருந்து இரண்டு அடிக்குக் கட்டிங் மெஷினால் தளத்தை அறுத்துத் தனியாக்கிவிட்டு, மீதியைப் பிரேக்கரால் உடைத்து, அந்த இரண்டடியைக் கையால் தட்டி எடுக்கவேண்டும். கூலி கொஞ்சம் கூடும். அதிர்வு அங்கேயே அறுந்துவிடும்.

இடித்து முடித்ததும் வெளியே தெரியும் பக்கத்து வீட்டுச் சுவர், அதுவரை மழையையே பார்த்திராத சுவர். பூச்சு இருக்காது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் 1:4 சிமென்ட்-மணல் கலவையில் 20 மி.மீ. பூச்சைக் குறைந்தது இரண்டு தரமாகப் பூசி, மேல் விளிம்பில் தண்ணீர் இறங்காமல் அடைத்துக் கொடுக்கவேண்டும். முடியாவிட்டால் தார்ப்பாயாவது கட்டவேண்டும். இல்லையென்றால் நவம்பரில் உள்பக்கம் ஓதம் ஏறி, அடுத்த சண்டை தொடங்கும்.

ஃப்ளாட்டில் மேல் வீட்டு பாத்ரூம்

மேல் வீட்டில் டைல்ஸ் மாற்றினார்கள், கீழ் வீட்டில் ஒழுகுகிறது. இங்கே உடைப்பதற்கு முன் எது ஒழுகுகிறது என்று பிரித்தறிய வேண்டும். யாருமே குளிக்காத நாளிலும் சொட்டினால் தண்ணீர்க் குழாய். அந்த பாத்ரூமின் வால்வை 24 மணி நேரம் மூடிப் பாருங்கள். தண்ணீர் ஊற்றும்போது மட்டும் ஒழுகினால் டிரெயின் குழாயோ, அதன் வாயில் தண்ணீர் தேங்கி நாற்றத்தைத் தடுக்கும் டிராப்போ. இரண்டும் இல்லாமல், குளித்துச் சில மணி நேரம் கழித்து மெதுவாகக் கசிந்தால் தளத்தின் வாட்டர்ப்ரூஃபிங். கடைசியைச் சோதிக்க, டிரெயினை அடைத்து, 25 மி.மீ. தண்ணீரில் சாயம் கலந்து நிறுத்தி, 48 மணி நேரம் கீழே பாருங்கள். இதே சோதனையை டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே கீழ் வீட்டுக்காரரை வைத்துக்கொண்டு செய்திருந்தால் தகராறே வந்திருக்காது. டைல்ஸைப் பெயர்க்க பிரேக்கர் வைத்து டிராப்பின் கழுத்தை உடைத்துவிடுவது அடிக்கடி நடப்பது.

யார் பொறுப்பு

“கான்ட்ராக்டரைப் போய்க் கேளுங்க” என்பது வீட்டுக்காரர்களின் வழக்கமான பதில். அண்டை நிலத்தின் தாங்குதலை (பக்கத்து மண் அதைத் தாங்கி நிற்பதை)க் கெடுக்கக்கூடிய வேலையில் அது செல்லாது. 1876-இல் இங்கிலாந்தில் வந்த போவர் எதிர் பீட் வழக்கு அப்படியே நம் தெருக் கதைதான்: பழைய வீட்டை இடித்து ஆழமாகத் தோண்டினார்கள், பக்கத்து வீடு பாதிக்கப்பட்டது, பக்கத்து வீட்டைத் தாங்கிப் பிடிக்கும் பொறுப்பைக் கான்ட்ராக்டர் ஏற்றிருந்தும் உரிமையாளர்தான் பொறுப்பு என்று தீர்ப்பானது. இந்திய வசதியுரிமைச் சட்டம் 1882 நிலத்தின் இயல்பான தாங்குதலை ஓர் உரிமையாகவே சொல்கிறது. நிலத்தின் மேல் கட்டடம் நிற்கிறது என்றால், 20 ஆண்டு தடையின்றி அனுபவித்த தாங்குதலுக்குப் பிரிவு 15 பாதுகாப்பு தருகிறது.

கான்ட்ராக்டர், கட்டுமான வேலையில் வரும் சேதத்துக்கான ‘ஆல் ரிஸ்க்’ காப்பீடு எடுத்திருந்தால் பாலிசியை வாங்கிப் படியுங்கள். அதிர்வாலும் தாங்குதல் குறைவதாலும் வரும் சேதம், தனியாகச் சேர்த்து வாங்கியிருந்தால்தான் பொதுவாகக் கிடைக்கும்.

பேச்சு பலிக்காதபோது

முதலில் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை இருவரும் சேர்ந்து அமர்த்தி, கட்டணத்தைப் பாதிப் பாதி ஏற்பதே சிறந்தது. ஆளுக்கொரு இன்ஜினியர் என்றால் இரண்டு அறிக்கைகள் மோதும். அதற்கும் ஒத்துவராவிட்டால் வக்கீல் நோட்டீஸ். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டதால், ஸ்பீடு போஸ்ட்டிலேயே பதிவு வசதியைக் கேட்டு அனுப்பி, டெலிவரிச் சான்றைச் சேர்த்து வையுங்கள்.

கட்டடம் விழும் நிலையில் இருந்தால் நோட்டீஸுக்குக் காத்திருக்காதீர்கள். மாநகராட்சியின் 1913 என்ற உதவி எண்ணில் புகார் பதிந்து, புகார் எண் வாங்குங்கள். போலீஸ் நிலையத்தில் “இது சிவில் மேட்டர்” என்பார்கள். இடிப்பிலோ கட்டுமானத்திலோ மனித உயிருக்கு ஆபத்து வரும்படி அலட்சியமாக நடப்பது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 290-இன் கீழ் குற்றம் என்று எழுத்தில் கொடுத்து, சிஎஸ்ஆர் ரசீதாவது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) வாங்கிவிடுங்கள். புகார் செய்த தேதிக்கு அது சாட்சி. விழக்கூடிய கட்டடத்தைச் சரிசெய்யவோ அகற்றவோ உத்தரவிடக் கோட்டாட்சியருக்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பிஎன்எஸ்எஸ்) பிரிவு 152 அதிகாரம் தருகிறது.

உடனடி ஆபத்து இல்லாத பணத் தகராறுக்கு நான் முதலில் காட்டுவது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை. வழக்குப் போடுவதற்கு முன்பே மனு கொடுக்கலாம், உதவி எண் 15100. லோக் அதாலத்தில் சமரசம் எழுதினால் அது சிவில் கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம், அப்பீல் கிடையாது. எதிர்த் தரப்பு சம்மதிக்காவிட்டால் சிவில் வழக்குதான். அப்போது தடையுத்தரவு மனுவோடு, உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 26, விதி 9-இன் கீழ், இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர கோர்ட் அனுப்பும் வக்கீலான அட்வகேட் கமிஷனரைக் கேட்டு மனுவும் அன்றைக்கே போடச் சொல்லுங்கள். குழியை மூடிவிட்டால் அதன் ஆழத்தை யாரும் அளக்க முடியாது. நஷ்ட ஈட்டுக்குப் பொதுவாக 3 ஆண்டுக் காலவரம்பு என்பதும் நினைவில் இருக்கட்டும்.

சமரசத்தில் என்ன எழுதுவது

மொத்தமாக ஒரு தொகை பேசி முடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பேரத்தில் இருவருக்கும் மனக்குறை மிஞ்சும். வேலையை எழுதுங்கள்: எந்த அறை, எந்தச் சுவர், எத்தனை சதுர அடி, என்ன முறை. பூச்சு மட்டும் விரிசல் விட்டிருந்தால் அதை வி வடிவில் வெட்டித் திறந்து பாலிமர் கலவையால் நிரப்பவேண்டும். செங்கல் கட்டே பிளந்திருந்தால், இன்ஜினியர் சொல்லும் இடைவெளியில் இணைப்புகளுக்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி வைத்து விரிசலின் இருபுறமும் அரை மீட்டர் நீளத்துக்குத் தைக்கவேண்டும். விலை ஒத்துவராவிட்டால் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலை நடுவராக வையுங்கள். பெயின்ட் விஷயத்தில் நியாயம் இதுதான்: திட்டுத் திட்டாக அடித்தால் நிறம் சேராது, ஆகவே அந்தச் சுவர் மூலைக்கு மூலை முழுவதும், ஆனால் விரிசலே இல்லாத அறைகளுக்கும் சேர்த்துக் கேட்பது சரியல்ல.

“இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற வரியில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். சென்னையின் களிமண் பகுதிகளில் மண் மே மாதம் சுருங்கும், நவம்பரில் உப்பும். ஒரு மழைக்காலம் தாண்டாமல் சுவர் நகர்வது நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. பழுதுபார்க்கும் மதிப்பில் ஒரு பகுதியை இருவருக்கும் பொதுவான ஒருவரிடம் நிறுத்திவைத்து, ஜனவரியில் மழை ஓய்ந்ததும் அதே மூன்று ஸ்க்ரூக்களில் இருவரும் நின்று அளவெடுக்கிறார்கள் என்று எழுதுங்கள். அளவு மாறவில்லையென்றால் ஸ்க்ரூக்களைக் கழற்றி, ஓட்டைகளை அடைத்து, கடைசிக் கோட்டிங் பெயின்ட் அடித்துவிட்டு, அன்றைக்கே அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.